கூம்பில் வராத ஓசை

ஆண்டிப்பட்டிக் கணவாயை ரயில் நெருங்கியபோது காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினேன். சென்னையில் ராத்திரி ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டு வந்த பாட்டுகள் எல்லாம் இந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து கிளம்பியவை. அந்த மண் கண்ணில் படும்போது காது சும்மா இருக்கட்டும் என்று தோன்றியது. பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போன வண்டி சட்டென்று வெளிச்சத்துக்கு வந்தது. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை, நீலச் சுவர் எழுப்பியது போல் நின்றது.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928-ல். மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். அது மறுபடி போடி வரை வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. இடைப்பட்ட பன்னிரண்டரை வருஷத்தில் ரயிலைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. என் பெட்டியில் வந்த ஒரு அம்மா, பேரனுக்கு ஜன்னல் வழியாக ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் வந்த காரணம் ஒரு இசைத்தட்டு. 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' என்று பிரிட்டனில் ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. உலகம் மறந்துபோன ஒலிப்பதிவுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுவது அவர்கள் வேலை. அவர்கள் தொகுத்த தட்டுகளில் ஒன்றின் பெயர் 'சொல்ல சொல்ல'. 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் தமிழ்ப் படப் பாடல்கள் அதில் இருக்கின்றன. தமிழ் தெரியாத, தமிழ்ப் படம் பார்த்திராத வெள்ளைக்கார இளைஞர்கள் அந்தப் பாட்டுகளை 'ஃபங்க்' என்று அடையாளம் கண்டு கொண்டாடினார்கள். அதை முதலில் வாசித்தபோது பெருமையாக இருந்தது. பிறகு ஒரு கேள்வி பிறந்தது. அவர்கள் கண்டெடுத்தார்கள் என்றால், நாம் எப்போது தொலைத்தோம்?

ஃபங்க் என்பது 1960-களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையிலிருந்து கிளைத்தது. ஜேம்ஸ் பிரவுன் அதற்கு வழி போட்டவர். நாலு தட்டில் முதல் தட்டை ஓங்கி ஊன்றுவது, மற்ற வாத்தியங்களை அதன் இடுக்குகளில் துள்ள விடுவது, மெட்டைப் பின்னால் தள்ளி டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் முன்னால் நிறுத்துவது என்று அதன் இலக்கணத்தைச் சுருக்கிச் சொல்லலாம். காது கேட்பதற்கு முன்னால் கால் கேட்டுவிடும் இசை அது.

இப்படிப் பழைய தட்டுகளுக்கு மறுபிறவி கிடைப்பது உலகம் முழுக்க நடக்கிறது. வங்காளப் பாடகி ரூபா பிஸ்வாஸ் கனடாவின் கால்கரி நகரத்தில் பாடி, 1982-ல் வெளிவந்த 'டிஸ்கோ ஜாஸ்' அந்தக் காலத்தில் யார் கண்ணிலும் படவில்லை. 2019-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. நம் பாட்டுகளும் துண்டு துண்டாக வெளியே போயிருக்கின்றன. 2003-ல் வந்த பிளாக் ஐட் பீஸ் குழுவின் ஆல்பத்தில் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டின் துணுக்கு ஒன்று இருக்கிறது. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி மாயா 2007-ல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தின் முதல் பாட்டே 'தளபதி' படப் பாட்டின் தாளத்தில்தான் ஓடுகிறது.

ரூபாவின் தட்டு தொலைந்து கிடைத்தது. நம் பாட்டு அப்படி அல்ல. அது டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் ஒரு நாளும் நிற்காமல் ஓடியது. அப்படியானால் வெளியூர்க்காரர் காதில் விழுந்து நம் காதில் விழாமல் போனது என்ன? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

*

போடியில் இறங்கியதும் மூக்குதான் முதலில் விழித்தது. ஊரின் சில தெருக்களில் நடந்தால் ஏலக்காய் வாசனை வீட்டுக்கு வீடு மாறாமல் கூடவே வருகிறது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்திலும் சல்லடையிலும் காயைத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்றால் ஒரு விலை, ஏழில் நின்றால் ஒரு விலை. ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலக்காய் மின்னணு ஏலம் இந்த நாட்டில் இரண்டே ஊரில்தான் பெரிதாக நடக்கிறது. ஒன்று கேரளத்துப் புற்றடி, இன்னொன்று போடி. விளைவது பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம். விலை போவதில் பெரும்பங்கு இந்தப் பக்கமும்.

மலைக்கும் ஊருக்கும் இருக்கும் இந்த உறவு நேற்று வந்ததல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு பக்கத்துத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வரும். அந்தத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த ரயில் பாதையை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சரக்கு இறங்கிய அதே சரிவில் ஆட்கள் ஏறினார்கள், இன்றும் ஏறுகிறார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று அடிவார ஊர்கள் அத்தனையிலிருந்தும் தினமும் இப்படி ஜீப்புகள் கிளம்பி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. "இடிச்சுக்கிட்டு உக்காருங்க தம்பி, வளைவுல தன்னால எடம் வந்துரும்" என்று ஒரு அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை தொடங்கியது. போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அக்கா சொன்னது போலவே மூன்றாவது வளைவில் எல்லோருக்கும் இடம் வந்துவிட்டது.

மேலே போனதும் குளிர் வேறு ஊராகிவிடுகிறது. நிழல் மரங்களுக்கு அடியில் ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் இலை விரித்து நிற்கிறது. காய் தேடி மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணோடு படர்ந்து கிடக்கும். காய் அதில்தான். அதனால் எடுக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தோ, குத்துக்கால் வைத்து உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். பிஞ்சை விட்டுவிட்டு, பதமான காயை மட்டும் விரல் எடுத்துப் பையில் போடுகிறது. கண் அதைப் பார்ப்பதாகவே தெரியவில்லை. பேச்சு ஒரு பக்கம் ஓடுகிறது, விரல் தன் கணக்கில் ஓடுகிறது. ஒரு தோட்டத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன்.

இந்தச் சரிவுகளில்தான் ஒரு பாட்டுக் குழு 1950-களில் ஏறி இறங்கியது. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மக்களுக்குப் பழகிய சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் கூலியையும் பசியையும் உரிமையையும் வைத்துப் பாடுவார். 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. தேவிகுளத்தில் அந்தக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்த தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்து, 1958-ல் இடைத்தேர்தல் நடந்தது. மயிரிழைப் பெரும்பான்மையில் இருந்த அரசுக்கு அந்த ஒரு இடம் உயிர்நிலை. வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பாவலர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பங்கு உண்டு என்று இயக்கத்தவர் இன்றும் சொல்வார்கள்.

அப்போது அவருடைய தம்பி ராசையாவுக்கு வயது பதினான்கு, பதினைந்து. அண்ணனின் குழுவில் சேர்ந்து, குரல் உடையாத பருவம் என்பதால் பெண் குரலில் பாடினார், ஆர்மோனியம் வாசித்தார். பாஸ்கர், அமர்சிங் என்று மற்ற இரண்டு சகோதரர்களும் குழுவில் இருந்தார்கள். பாவலர் பிரதர்ஸ் என்றால் அந்தக் காலத்துக் கட்சி மேடைகளுக்குத் தெரியும். அமர்சிங் பின்னால் கங்கை அமரன் ஆனார். ராசையா இளையராஜா ஆனார்.

நாள் முழுக்கக் குனிந்து நின்ற முதுகுகளை ராத்திரி ஒரு மைதானத்தில் உட்கார வைத்துப் பாட்டுக் கேட்கச் செய்ய வேண்டும். உடம்பு அசந்து கிடக்கும். முதல் தட்டிலேயே அதைப் பிடித்து நிமிர்த்தாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். பின்னாளில் மெட்ராஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டின் முதல் நாலு தட்டுக்குள்ளேயே காலை ஆட்டிவிடத் தெரிந்த ஒருவருக்கு, அந்தப் பாடம் இந்தச் சரிவில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலை மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே போகிறது. சில்லமரத்துப்பட்டி, சிலமலை, ராசிங்காபுரம் என்று ஊர்கள். வழியெல்லாம் தென்னை, மா, இலவம். தேவாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பண்ணைப்புரம். பஸ்ஸிலிருந்து இறங்கினால் மலை அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, கூப்பிட்டால் எதிரொலி வந்துவிடும் போல.

1960-களின் கடைசியில் சகோதரர்கள் இங்கிருந்து மெட்ராஸ் கிளம்பியபோது, தாய் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை நானூறு ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்தார் என்று இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஊரின் தெருவில் நடக்கும்போது அந்த ரேடியோவைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் பாட்டு நின்றதால் ஒரு நாட்டுக்குப் பாட்டு வந்தது.

மெட்ராஸில் இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கினார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1973-ல் பாவலர் காலமானார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. மலைச் சரிவில் பாடச் சொல்லிக்கொடுத்த அண்ணன் அதைக் கேட்க இல்லை.

*

தேவாரம் சாலையில் ஒரு ஊரில் டீ குடிக்க நின்றபோதுதான் அந்த மைக் செட் கடையைப் பார்த்தேன். வாசலில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பழைய ரிக்கார்டு ஏதாவது இருக்குமா ஐயா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கவா, கேக்கவா?"

"கேக்கத்தான் ஐயா."

பரணிலிருந்து தகரப்பெட்டி இறங்கியது. அட்டைகள் கரையான் தின்னாமல் இருக்க நடுநடுவே வேப்பிலைச் சருகு. ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். நடுவில் 'ப்ரியா'. 1978-ல் வந்த படம். தமிழ் சினிமாவில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் பாடல்கள் என்று பெயர் வாங்கியவை அதன் பாடல்கள். தட்டை வெளியே இழுத்து விளக்குக்கு நேரே சாய்த்துக் காட்டினார். கறுப்புத் தட்டில் ஒரு பாட்டின் வளையம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.

"பாருங்க, இந்த ஒரு பாட்டு மட்டும் தேஞ்சு கெடக்கு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதத்தான் முதல்ல போடச் சொல்லுவாங்க. ஊசி எத்தன மாத்துனேன்னு கணக்கே இல்ல."

வெள்ளை பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, தட்டின் கோடு போகும் திசையிலேயே துடைத்தார். குறுக்கே துடைக்கவில்லை. மூச்சுக் காற்று படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டி மெஷினில் வைத்து, ஆம்ப்ளிஃபயரை ஏற்றி, வாசலில் கிடந்த கூம்பு ஒன்றைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். மரத்தைச் சுரண்டுவது போல ஒரு கரகரப்பு, அதன் மேல் பாட்டு. டீக்கடையில் இருந்தவர்கள் தலை திரும்பியது. நான் சின்ன வயதில் திருவிழாக்களில் கேட்ட அதே குரல், அதே தகர மினுக்கு. ஒரு நிமிஷம் ஒன்றும் பேச முடியவில்லை.

ஆனால் ராத்திரி ரயிலில் இதே பாட்டை ஹெட்போனில் கேட்டிருந்தேன். அதில் இருந்த ஒன்று இதில் இல்லை. குரல் இருந்தது, கிட்டார் இருந்தது, வயலின்கள் இருந்தன, தாளத்தின் மேல் சத்தம் இருந்தது. பேஸ் கிட்டார் இல்லை.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கூம்பு ஒலிபெருக்கி, சத்தத்தை மைல் கணக்கில் தூக்கிப் போவதற்காகச் செய்யப்பட்டது. நொடிக்கு இருநூறு, முந்நூறு அதிர்வுக்குக் கீழே அது அநேகமாக ஊமை. மனிதக் குரல் அதில் கணீரென்று போகும், அடி ஓசை வாசலோடு நின்றுவிடும். ஸ்டீரியோவில் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்ததும் ஒரே கூம்பில் ஒன்றாகிவிடும். வேப்பமரத்து உச்சியிலும் புளியமரத்து உச்சியிலும் கட்டிய கூம்புகளில்தான் இந்த அடிவாரத்து ஊர்கள் அந்தப் பாட்டுகளை அதிகம் கேட்டன. தாழ்ந்த ஓசையை எழுப்பும் பெட்டி ஸ்பீக்கர்கள் கல்யாண வீடுகளுக்கு வந்தபோது காலம் மாறிவிட்டது. புதுப் பாட்டுகள் வந்துவிட்டன. இந்தத் தட்டுகள் பரணுக்குப் போய்விட்டன.

எந்த ஓசைக்காக வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் காலத்துப் பாட்டுகளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களோ, அந்த ஓசைதான் இந்த ஊர்த் திருவிழாவில் விடுபட்டுப் போயிருந்தது. நாம் பாட்டைத் தொலைக்கவில்லை. அதன் அடித்தளம் நம் காதுக்கு வந்து சேரவில்லை. அவர்களுக்கு அடித்தளம் கிடைத்தது. அதன் மேல் நிற்கும் சொல்லும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மலையும் மைதானமும் பாவலரும் கிடைக்கவில்லை. ஆளுக்குப் பாதி.

ஹெட்போனைப் பெரியவரிடம் நீட்டினேன். முதலில் தயங்கினார். பிறகு துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு மாட்டினார். பாட்டைத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வலது கால் பெருவிரல் மட்டும் தரையைத் தட்டத் தொடங்கியது. பிறகு பாதம். முகத்தில் சிரிப்பும் திகைப்புமாக ஏதோ ஓடியது. ஹெட்போன் மாட்டியவர்கள் பேசுவது போலச் சத்தமாகச் சொன்னார்.

"தம்பி, அடியில ஒருத்தன் நடந்துக்கிட்டே இருக்கானே!"

பேஸ் கிட்டாரைப் பற்றி இதைவிடச் சரியான சொல்லை நான் கேட்டதில்லை. பாட்டு முழுக்க அவன் நடக்கிறான். குரல் நின்று மூச்சு வாங்கும்போதும் அவன் நடையை நிறுத்துவதில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "இத்தன வருசம் நான்தான் இந்தப் பாட்ட ஊருக்குப் போட்டேன். இவன எனக்குத் தெரியலையே. யாரு தம்பி இத வாசிச்சது?"

இருவருமாக அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடியவர்கள். வாசித்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்த் தட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் இளையராஜாவின் அரங்கில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், பேஸ் கிட்டார் சசிதரன், கிட்டார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல் என்று ரசிகர்கள் தேடித் தேடிச் சேர்த்த பெயர்கள் இன்று சில நமக்குத் தெரியும். வேறு எந்த நாடாக இருந்தாலும் அவர்கள் சேர்ந்து ஒரு பேண்டு என்று அழைக்கப்பட்டிருப்பார்கள், சுவரில் அவர்கள் படம் இருந்திருக்கும். இங்கே அவர்கள் காலையில் அரங்கத்துக்கு வந்து, எழுதிக் கொடுத்த நோட்டைப் பார்த்து வாசித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த ஒலிப்பதிவுக்குப் போனார்கள். கூம்பு அவர்கள் ஓசையை விட்டது, அட்டை அவர்கள் பெயரை விட்டது.

உலகம் தேடிக்கொண்டிருக்கும் பெயர் தெரியாத அந்த ஃபங்க் பேண்டு நம்மிடமே இருந்திருக்கிறது. அவர்களில் இருப்பவர்களிடம் இப்போதே போய்க் கேட்க வேண்டும். எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்று பாட்டுக்குப் பாட்டு எழுதி வைக்க வேண்டும். மறுபதிப்பு வரும் ஒவ்வொரு தட்டிலும் அந்தப் பெயர்கள் ஏற வேண்டும். கண்டெடுப்பது என்று ஒன்று இருந்தால் அதுதான் கண்டெடுப்பது. அதை வெளிநாட்டுக்காரர் நமக்காகச் செய்ய முடியாது.

எனக்குத் தெரிந்த நாலைந்து பெயர்களைச் சொன்னேன். இந்தப் பாட்டில் வாசித்தது அவர்களில் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா என்றும் சொன்னேன். பரவாயில்லை என்று தலையசைத்து, மேஜை டிராயரிலிருந்து ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். அட்டையின் உள்பக்கத்து வெள்ளைத் தாளில், மைக் செட் வாடகைக் கணக்கு எழுதுவது போல ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெயர்களை எழுதினார். கீழே கொஞ்சம் இடம் விட்டுத் தாளை மடித்தார்.

"தெரிஞ்சா போன் பண்ணுங்க தம்பி. எடம் விட்டு வச்சிருக்கேன்."

வெளியே மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்கள் வீடு திரும்பும் நேரம். பெரியவர் தட்டைத் திருப்பி வைத்து ஊசியை இறக்கினார். கூம்பிலிருந்து குரல் கிளம்பித் தெருவுக்குப் போனது. உள்ளே அவர் கால் மட்டும், கூம்பில் வராத அந்த நடைக்குத் தட்டிக்கொண்டிருந்தது.